உபயம்: அருளம்பலம் குடும்பம்

மணியை வாழைச்சருகால் மூடிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது என்றுதான் அருளம்பலம் நினைத்தார். மூடிவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். சருகுக் குவியலின் உச்சியில் இரண்டு சிங்கங்கள் முதுகோடு முதுகு ஒட்டி நின்று அவரை முறைத்துப் பார்த்தன. இன்னும் இரண்டு கை சருகு அள்ளிப் போட்டார். காற்று வந்து அதைக் கொண்டுபோய்விட்டது.

“இஞ்சாருங்கோ, தேத்தண்ணி ஆறுது,” என்றபடி வந்த இரத்தினம்மா, புருசன் நின்ற நிலையைக் கண்டதும் நின்றுவிட்டாள். “என்னத்தை ஒளிக்கிறியள்?”

“ஒண்டுமில்லை.”

“அந்த ஒண்டுமில்லாததுக்கு ஏன் ரெண்டு தலை கிடக்கு?”

அருளம்பலம் பெருமூச்சு விட்டுச் சருகை விலக்கினார்.

நடந்தது இதுதான். நீர்வேலியில் வாழைத்தோட்டக்காரருக்குப் பஞ்சமில்லை. ஆனால் தன் தோட்டத்தைப்போல் இன்னொரு தோட்டம் ஊரில் இல்லை என்று அருளம்பலம் கூச்சமில்லாமல் சொல்லுவார். அந்தத் தோட்டத்தைத்தான் மகள் சிவகௌரிக்குச் சீதனமாக எழுதுவதாகப் பேச்சு. மாப்பிள்ளை கஜானன் தங்கமான பிள்ளை. அவனுடைய தகப்பன் சிவக்கொழுந்து ஊர்ப் பிள்ளையார் கோயிலின் தலைவர். அவர் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “காணி பெரிசோ சின்னனோ, எனக்குக் கவலை இல்லை சம்பந்தி. வில்லங்கம் இல்லாத காணியாய் இருந்தால் போதும்.”

அடுத்த மாதம் சர்வேயர் அளக்க வருகிறார். மேற்கு வேலியோரம், ஒற்றைப்பனைக்குப் பக்கத்தில், ஒரு துண்டு நெடுநாளாய்ச் சும்மா கிடந்தது. சர்வேயர் பார்க்கும்போது காணி கரைமுட்டச் செழித்து நிற்க வேண்டாமா? அங்கே வாழைக்குட்டி நடுவதற்குக் குழி வெட்டியபோதுதான் மண்வெட்டி ‘ணங்’ என்றது.

முழங்கால் உயரம். விளிம்பு பூப்போல விரிந்திருந்தது. உள்ளே நாக்கு இல்லை. தலையில் தொங்கவிடுகிற கொளுவி போல அந்த இரண்டு சிங்கங்கள்; ஒன்றின் காது பாதி இல்லை. மண்வெட்டி பட்டுத்தான் உடைந்ததோ என்று அருளம்பலத்துக்கு முதலில் நெஞ்சு திக்கென்றது. பார்த்தால் உடைந்த இடமும் கறுத்துப் பழசாகத்தான் இருந்தது. சேற்றுக்குள்ளே வட்டம் வட்டமாக ஏதோ எழுத்து.

“எங்கடை கோயில் மணி மாதிரி இல்லையே,” என்றாள் இரத்தினம்மா. “மாதா கோயில் மணியும் இல்லை. நாக்கில்லாமல் என்னண்டு அடிக்கிறது?”

“இப்பிடித்தான்,” என்று அருளம்பலம் மண்வெட்டியைத் திருப்பி, மரப்பிடியால் விளிம்பில் சும்மா ஒரு தட்டுத் தட்டினார்.

தட்டியதற்கும் வந்த சத்தத்துக்கும் ஒரு பொருத்தமும் இருக்கவில்லை. அது முதலில் காதில் கேட்கவில்லை, காலில்தான் கேட்டது. ஈரமண்ணுக்குள்ளால் ஏறி, முழங்காலைத் தொட்டு, நெஞ்சுக்குள் வந்து நின்று, பிறகுதான் வெளியே போய்த் தோட்டமெங்கும் பரந்தது. முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது திரும்பவும் மெல்ல எழும்பியது. சண்டை பிடித்துக்கொண்டிருந்த புலுனிக் குருவிகள் வாயை மூடிக்கொண்டன. இரத்தினம்மாவின் கைகள் தாமாகவே கூடின. தேத்தண்ணிக் கோப்பை கீழே விழுந்ததை இரண்டுபேருமே கவனிக்கவில்லை.

“என்ரை பிள்ளையாரப்பா,” என்றாள் அவள். கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை.

அருளம்பலமும் கண்ணைத் துடைத்தார். துடைத்த கையோடு பயமும் வந்து ஒட்டிக்கொண்டது. “எணேய், உது சரியான பழசு. பழம்பொருள் கிண்டி எடுத்த காணியிலை தொல்பொருள்காரர் பலகை நட்டு, நாடா கட்டிப் போடுவினமாம். பிறகு வாழைக்குட்டி இல்லை, ஒரு புல்லும் நட ஏலாது. சிவக்கொழுந்தர் என்ன சொன்னவர்? வில்லங்கம் இல்லாத காணி!”

“அப்ப பேசாமல் மேற்கு வேலிக்கு அங்காலை, மாஸ்டரின்ரை வளவுக்கை உருட்டி விடுங்கோ. அங்கை ஆர் இருக்கினம்?”

“சீ! பாவமெல்லே!” என்று அருளம்பலம் சீறி விழுந்தார். “மிரியம் பிள்ளை என்னை நம்பி விட்டிட்டுப் போன வளவு. நான் அதை என்ரை காணி மாதிரி எல்லே பாக்கிறன்.”

அதுவும் உண்மைதான். ஞானரட்ணம் மாஸ்டர் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு சண்டையில் வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனபோது அவரும் மகள் மிரியமும் போனார்கள், போனவர்கள் குடியிருக்கத் திரும்பவில்லை. மாஸ்டர் காலமாகிவிட்டார். மிரியம் ரொறொன்ரோவில். அருளம்பலம் மட்டும் அடுத்த வருடமே திரும்பி வந்தார். வேலி என்று சொல்ல அப்போது ஒரு தடியும் மிஞ்சியிருக்கவில்லை. அவரேதான் கிளுவைக் கிளைகளைக் கதியாலாய் வெட்டி வந்து, கயிறு பிடித்து, இரண்டு காணிக்கும் நடுவே நேராக வேலி அடைத்தார். அதற்கு மிரியம் கனடாவிலிருந்து நன்றி சொல்லி ஒரு கம்பளிச் சட்டைகூட அனுப்பியிருந்தாள். நீர்வேலி வெயிலில் அதை எப்படிப் போடுவது என்பதுதான் பிரச்சினை.

“அண்ணை, உங்கை என்ன சத்தம்?”

கிழக்கு வேலிக்கு மேலால் ஒரு தலை. சுபாஸ்கரன். ஓய்வுபெற்ற மனுசன், கையில் எப்போதும் ரெலிபோன். அந்த வேலியைத் தாண்டி அவர் வந்த வேகத்தைப் பார்த்தால் ஓய்வு பெற்றவர் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். மணியைக் கண்டார், வாய் பிளந்தார், இன்னொருக்கால் அடிக்கச் சொல்லிக் கேட்டு, அடித்ததும் நிலத்தில் குந்திவிட்டார்.

“அண்ணை, மயிர் கூச்செறியுது. பாருங்கோ கையை.”

“தம்பி சுபாஸ், உன்ரை காலிலை விழுறன். இதை வெளியிலை விட்டிடாதை.”

“என்ன கதை கதைக்கிறியள்! வாய் திறப்பனோ?”

சொன்ன சொல்லை சுபாஸ்கரன் காப்பாற்றினார். வாய் திறக்கவே இல்லை. பெருவிரலால்தான் அனுப்பினார்.

‘எங்கடை ஊரிலை கிடைச்ச மணி. ஆரிட்டை எண்டு கேக்காதேங்கோ. வயசு சொல்லத் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ,’ என்று ஊர்க்காரர் குழுவில் படமும் சத்தமும் போய் விழுந்தன. பிறகென்ன, உலகம் முழுதும் இருக்கிற நீர்வேலியார் சோத்துக்கோப்பையை வைத்துவிட்டு வயது சொல்லத் தொடங்கினார்கள். பாரிசிலிருந்த ஒருவர் அது சோழர் காலம் என்றார். சுவிசிலிருந்தவர், பறங்கியருக்குப் பயந்து மண்ணுக்குள் தாட்ட கோயில் மணி என்றார். லண்டனிலிருந்தவர் சீனக் கப்பலையே கொண்டுவந்து நிறுத்தினார். காலையில் நானூறு வயதாக இருந்த மணி, மத்தியானம் எண்ணூறு தாண்டி, பொழுதுபடும்போது கிறிஸ்துவுக்கு முன்னால் போய்விட்டது.

அருளம்பலம் மனைவியிடம் ஓடினார். “ஊரெல்லாம் தேடப் போறாங்கள். பழசு எண்டபடியாத்தானே பிரச்சினை? இதைப் புதுசாக்கிப் போட்டால் என்ன?”

“அது ஒரு வேலையோ?” என்றாள் இரத்தினம்மா. தைப்பொங்கலுக்கும் திவசத்துக்கும் பித்தளை விளக்கிப் பழகிய கை. பழப்புளியும் சாம்பலும் தும்பும் எடுத்துக்கொண்டு கிணற்றடியில் இருந்தாள். ஒரு பகல் முழுக்கத் தேய்த்தாள். மணி பொன்னாக எழும்பியது.

அதுதான் வினையாகப் போனது. சேறும் களிம்பும் போனதும், அதுவரை அரைகுறையாகத் தெரிந்த எழுத்துகள் வரிவரியாக வெளிச்சத்துக்கு வந்து நின்றன. இரண்டு வரி இருக்கும் என்று நினைத்திருந்தார்கள். மணியைச் சுற்றிப் பன்னிரண்டு வரி இருந்தது. எழுத்துக்கு மேலே தாமரை, கீழே தாமரை. அந்த நுணுக்கத்தைப் பார்த்து இரண்டுபேரும் கொஞ்சநேரம் பயத்தையே மறந்து நின்றார்கள்.

“எந்தக் கை செய்ததோ,” என்றாள் இரத்தினம்மா.

“எந்தக் கையோ. இப்ப எங்கடை கைக்கு எல்லே விலங்கு வரப் போகுது.”

இனி அருளம்பலத்துக்கு வந்த யோசனையைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக் கோயில்களுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே உபயகாரர் பெயர் இல்லாத பொருள் கிடையாது. குழாயில் உபயம், குத்துவிளக்கில் உபயம், ரியூப்லைட்டில் உபயம். காற்றாடியின் செட்டையில்கூட உபயம் எழுதியிருக்கும். யார் கொடுத்தது என்று அறிய அதை நிற்பாட்டிவிட்டுத்தான் வாசிக்க வேண்டும். உபயம் எழுதின பொருளின் வயதை ஒருவரும் விசாரிப்பதில்லை. எழுதின வருடம்தான் அதன் வயது.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்து வெட்டுகிறவர் மெசினோடு வந்தார். மணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“ஐயா, இடமில்லை. எல்லா இடமும் எழுத்தாய்க் கிடக்கு.”

“அடியிலை கடைசி வரி கொஞ்சம் மங்கலாய்க் கிடக்குப் பாரும். அதுக்கு மேலை வெட்டும். ‘உபயம்: அருளம்பலம் குடும்பம், நீர்வேலி.’ வருசத்தைப் பெரிசாய்ப் போடும்.”

மெசின் ஊசி பட்டதும் மணி முனகத் தொடங்கியது. தட்டவில்லை, அடிக்கவில்லை, ஊசியின் அதிர்வுக்கே உள்ளுக்குள் ஒரு குரல் எழும்பி நீண்டுகொண்டே போனது. வெட்டுகிறவர் கையை எடுத்துவிட்டார்.

“ஐயா, உது அழுற மாதிரிக் கிடக்கு.”

“சந்தோசத்திலை அழும். நீர் வெட்டும்.”

வெட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார்: “எப்ப கோயிலுக்குக் குடுக்கிறியள்?”

அருளம்பலம் விழித்தார். உபயம் என்று வெட்டிய மணியை வீட்டு அறைக்குள் வைத்திருப்பது எப்படி என்று அவர் யோசித்திருக்கவில்லை. அவர் யோசித்து முடிப்பதற்குள் செய்தி பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டது. மறுநாள் விடிய, லாண்ட்மாஸ்டர் உழவு மெசினும் நான்கு பொடியன்மாரும் மேளமுமாக சிவக்கொழுந்து வாசலில் நின்றார்.

“சம்பந்தி! ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!” அவர் அருளம்பலத்தைக் கட்டிப் பிடித்தார். “ஊரிலை பழைய மணி ஏதோ கிடைச்சதாம் எண்டு கதை. அதைக் கேட்டுத்தானே உங்களுக்கும் பிள்ளையாருக்கு ஒரு புது மணி செய்விக்க எண்ணம் வந்தது?”

“ஓம்... ஓமோம்.”

“உது என்ன எழுத்து?”

“கிரந்தம்,” என்றார் அருளம்பலம்.

கூட வந்த குருக்கள் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கொண்டு வரவில்லை என்று சொல்ல அவருக்கு விருப்பமில்லை. “கிரந்தம்தான்,” என்றார்.

நாக்கில்லாத மணியைக் கோயில் முற்றத்துத் தூணில் கட்டி, வில்வமரத்தில் ஒரு கட்டை செய்து, மத்தியானப் பூசைக்கு முதல் அடி அடித்தார்கள்.

அந்த அடியைப் பற்றி ஊரில் இன்றைக்கும் கதைக்கிறார்கள். தீபத்தை உயர்த்திய குருக்கள் உயர்த்திய கையோடு அப்படியே நின்றார், மந்திரம் மறந்துபோய்விட்டது. பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்கள் நாரை விட்டார்கள். பெரிய றோட்டில் வாழைக்குலை ஏற்றிப்போன லொறிக்காரர் வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றார். கோயில் காரியத்தில் ஏழு வருடம் ஒருவரோடொருவர் கதையாத இரண்டு பேர், சத்தம் அடங்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் எப்போது முடிந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அது முடிந்தபிறகும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அருளம்பலமும் கேட்டார். பொய்யும் பயமும் வாழைக்குட்டியும் எல்லாம் அந்த நேரம் எங்கேயோ போய்விட்டன. ‘நான் ஆர், இது ஆர்’ என்ற மாதிரி ஒரு பெரிய வெறுமை, நல்ல வெறுமை. பிறகு சிவக்கொழுந்து வந்து, “எல்லாம் உங்கடை புண்ணியம் சம்பந்தி,” என்று முதுகில் தட்டியதும் எல்லாப் பயமும் திரும்பி வந்தது.

கூட்டம் வரத் தொடங்கியது. பருத்தித்துறையிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். கொழும்புத்துறையிலிருந்து மீன்பிடிகாரர் ஒருவர் மனைவி பிள்ளைகளோடு வந்து, கேட்டுவிட்டு, கடலின் அடியில் கேட்கிற சத்தம் மாதிரி இருக்கிறது என்று சொல்லிப் போனார். கமராவோடு வந்தார்கள், கமரா இல்லாமலும் வந்தார்கள். வந்த எல்லாரும் உபயத்தை வாசித்து, ‘ஆர் அந்த அருளம்பலம்?’ என்று கேட்டார்கள். அருளம்பலம் வேலிப்பக்கம் ஒளித்துக்கொண்டார்.

மூன்றாவது வாரம் ஸ்கூட்டியில் பிரியந்தினி வந்தாள். கம்பஸில் வரலாறு படிப்பிக்கிறவள். அளவுநாடா, பூதக்கண்ணாடி, ரோச்லைட். சிவக்கொழுந்து அருளம்பலத்தைத் தேடிப் பிடித்து, பெருமையோடு பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். சுபாஸ்கரனும் ரெலிபோனோடு வந்துவிட்டார்.

பிரியந்தினி எழுத்தைப் பார்க்கவில்லை. மணிக்குக் கீழே குந்தி, ரோச் அடித்து, உள்பக்கத்தை விரலால் தடவினாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள்.

“வெளியாலைதானே விளக்கினவை?” என்று கேட்டாள்.

“உள்ளுக்கை கை வைக்கேல்லை,” என்று இரத்தினம்மா முந்திக்கொண்டு சொன்னாள்.

“நல்ல காலம். வெளியிலை இருக்கிறது உங்கடை வயசு. உள்ளுக்கை பாருங்கோ, பச்சையும் கறுப்புமாய்ப் படிஞ்சு கிடக்கு. அதுதான் மணியின்ரை வயசு.” எழும்பி நின்றாள். “நாக்கில்லாத மணி, முதுகொட்டின சிங்கம், வட்ட எழுத்து. இது பர்மா மணி. இந்தக் கோயிலிலை ஆக்கள் எடுத்துப் போட்ட படங்களைக் கண்டதும், அந்த எழுத்து வாசிக்கத் தெரிஞ்ச சிநேகிதி ஒருத்திக்கு அனுப்பினனான். நேற்றுத்தான் பதில் வந்தது.”

“அப்ப கிரந்தம் இல்லையோ?” என்றார் குருக்கள்.

“இல்லை ஐயா. ஆனால் என்ன எழுதியிருக்குத் தெரியுமோ? இதுவும் உபயம்தான்.”

எல்லாரும் கிட்ட நெருங்கினார்கள்.

“இருநூறு வருசத்துக்குக் கிட்ட இருக்கும். ஒரு புருசனும் பெண்சாதியும் தங்கடை ஒரே பிள்ளை செத்துப்போன துக்கத்திலை வார்ப்பிச்ச மணி. ‘இந்தச் சத்தத்தைக் கேக்கிற மனுசர், தேவர், மிருகம், பூச்சி, ஆராயிருந்தாலும், எந்த நாட்டிலை எந்தக் காலத்திலை கேட்டாலும், எங்கடை புண்ணியத்திலை சரிபாதி அவைக்கு’ எண்டு எழுதியிருக்கு.”

இரத்தினம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று கிழமையாகத் தாங்கள் ஏன் அழுதோம் என்று ஊருக்கு அப்போதுதான் விளங்கியது. அருளம்பலம் மணியைப் பார்த்தார். அந்தத் தாயும் தகப்பனும் அங்கேயே நிற்பதுபோல இருந்தது.

“கடைசி வரியைத்தான் வாசிக்க ஏலாமல் போச்சு,” என்றாள் பிரியந்தினி. “‘இதைத் தன்ரை எண்டு எடுத்துக்கொள்ளுறவன்’ எண்டு தொடங்குது. அவனுக்கு என்ன நடக்கும் எண்டு தெரியேல்லை. அதுக்கு மேலை அருளம்பலம் குடும்பம் இருக்கு.”

எல்லாக் கண்ணும் திரும்பின. அருளம்பலமும் தனக்குப் பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

“ஆர் அருளம்பலம்?”

“நீர்வேலியிலை அருளம்பலம் கனபேர் மிஸ்,” என்றார் அருளம்பலம்.

“இவர்தான் மிஸ், என்ரை சம்பந்தி!” என்று தோளில் கை போட்டார் சிவக்கொழுந்து.

“ஐயா, பழம்பொருளிலை எழுத்து வெட்டுறது குற்றம், தெரியுமோ? உங்களுக்கு இது எங்காலை?”

“வாங்கினது... கொழும்பிலை.”

“என்ன அண்ணை, கொழும்பு எண்டுறியள்!” சுபாஸ்கரன் மூன்று கிழமைக்குப் பிறகு முதல்தரம் வாய் திறந்தார். “தோட்டத்திலை பனையடியிலை எல்லே கிண்டி எடுத்தனீங்கள். நான்தானே படம் எடுத்தது!”

பிரியந்தினியின் முகம் மாறியது. “மண்ணுக்கை இருந்து வந்ததோ? அப்ப அங்கை வேறையும் இருக்கலாம். மேலிடத்துக்கு அறிவிக்க வேணும். காணி முழுக்க அளந்து கிண்டிப் பாக்க வேணும். வருசக் கணக்கிலை எடுக்கும்.”

சிவக்கொழுந்தின் கை தோளிலிருந்து மெல்ல இறங்கியது. “சம்பந்தி... உது பிள்ளைக்கு எழுதிற காணியோ?”

“ஓம்.”

“அப்ப கலியாண நாளை இப்போதைக்குக் குறிக்காமல்... கொஞ்சம் யோசிப்பம்.”

நேற்றுப் பின்னேரம்தான் சிவகௌரி கூறைச் சீலையின் நிறத்தைப் பற்றித் தாயோடு சிரித்துச் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு இப்போது அருளம்பலத்தின் காதில் கேட்டது. எடுத்த நாளே உள்ளதைச் சொல்லியிருந்தால்? விளக்காமல், வெட்டாமல் விட்டிருந்தால்? பிள்ளையின் கலியாணத்தைத் தன் கையாலேயே குழப்பிவிட்டாரே.

எல்லாரும் தோட்டத்துக்கு நடந்தார்கள். பனைக்கும் மேற்கு வேலிக்கும் இடையில், வாழைக்குட்டி நடாமலே விட்ட குழி வாய் பிளந்து கிடந்தது. பிரியந்தினி நாடாவை எடுக்கும்போது வாசலில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு பெண் இறங்கி, வாழைகளுக்கு நடுவால் ஏறக்குறைய ஓடியே வந்தாள்.

“அருளம்பலம் அண்ணை! என்னைத் தெரியுதோ?”

கண்ணாடியைக் கழற்றியதும் தெரிந்தது. “மிரியம் பிள்ளை! கனடாவிலை இருந்து எப்ப...?”

“ராத்திரித்தான். நேரே கோயிலுக்குத்தான் போனனான் அண்ணை. மணியைப் பாத்தன். ஒரு சிங்கத்துக்குக் காது இல்லை.” அவளுக்கு மூச்சு வாங்கியது. “எட்டு வயசிலை நான்தான் கீழை தள்ளி உடைச்சனான். அது எங்கடை வீட்டு மணி.”

பிரியந்தினி நாடாவைக் கீழே போட்டாள்.

மிரியம் எல்லாவற்றையும் சொன்னாள். அவளுடைய அப்பப்பா, மாஸ்டரின் தகப்பன், ரங்கூனில் ரெயில்வே கிளாக்கர். திரும்பி வரும்போது கொண்டுவந்த மணி. மாஸ்டரோ கிறிஸ்தவ வேதக்காரர், வேறு சமயத்தாரின் கோயில் மணியை வீட்டில் வைத்து அடிப்பது பிழை, விற்பது அதைவிடப் பிழை என்று பின்னறையில் துணி சுற்றிக் கவிழ்த்து வைத்திருந்தார். இடம்பெயர்ந்த அன்று, சுமக்க முடியாமல், தகப்பனும் மகளுமாக மண்ணில் தாட்டுவிட்டுப் போனார்கள். ஊரில் எதையாவது தாட்டுவிட்டுப் போகாதவர் யார்? இரத்தினம்மாவும் தன் பித்தளைப் பானைகளை அன்றைக்குத்தான் கிணற்றடியில் தாட்டாள்.

“மூண்டு தலைமுறையாய் அது எங்கடை வீட்டிலை ஒருநாளும் வாய் திறக்கேல்லை, மிஸ்,” என்றாள் மிரியம். “ரொறொன்ரோவிலை குசினியிலை நிண்டு ரெலிபோனிலைதான் அதின்ரை குரலை முதன்முதலாய்க் கேட்டன். அடுப்பை நிப்பாட்டிப்போட்டு நிலத்திலை இருந்து அழுதன்.”

பிரியந்தினி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப... என்ரை காணி?” என்றார் அருளம்பலம் சன்னமாக.

“மணி பழசு ஐயா. மண்ணுக்கை போனது தொண்ணூற்றைந்திலைதானே. இந்தக் காணியைக் கிண்ட ஒரு தேவையும் இல்லை. அந்த எழுத்துக்கு மட்டும் மிரியம் அக்காவிட்டை மன்னிப்புக் கேளுங்கோ.”

சிவக்கொழுந்தின் கை திரும்பவும் தோளில் ஏறியது. அருளம்பலத்துக்கு வந்த சந்தோசப் புளுகத்தைச் சொல்லி முடியாது. “இரத்தினம்! தேத்தண்ணி! கதலிப்பழம் ஒரு சீப்பு வெட்டு! ரெண்டு சீப்பு வெட்டு!” என்று கத்தினார். பிறகு மிரியத்தின் முன்னால் போய் நின்று, ஊர் கேட்க, நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: “பிள்ளை, எழுத்தை நானே அழிப்பிச்சுத் தாறன். கோயிலிலை விடுறதோ கொண்டு போறதோ, உன்ரை விருப்பம். அடுத்தவையின்ரை பொருளிலை ஒரு தூசுக்கும் ஆசைப்படாத ஆள் இந்த அருளம்பலம்.”

“அது எனக்குத் தெரியாதோ அண்ணை?” என்றாள் மிரியம், கண்ணைத் துடைத்தபடி. “அது கோயிலிலையே இருக்கட்டும். எல்லாரும் கேக்கத்தானே செய்தவை.”

“ஒரு பதிவுக்காக,” என்றாள் பிரியந்தினி, படம் எடுக்க ஆயத்தமாகி. “சரியாய் எந்த இடத்திலை எடுத்தனீங்கள், ஐயா?”

“இந்தா, இந்தக் குழிதான்!” அருளம்பலம் குழிக்குள்ளேயே இறங்கி நின்று காட்டினார். “அங்குலம் பிசகேல்லை. பனைக்கு மேற்காலை, வேலிக்கு இஞ்சாலை. சம்பந்தி, வடிவாய்ப் பாருங்கோ!”

மிரியம் வந்து பார்த்தாள். குழியைப் பார்த்தாள். பனையில் கை வைத்து, அண்ணாந்து அதன் ஓலை வட்டைப் பார்த்தாள். திரும்பி, நூல் பிடித்தது போல் நிற்கிற கிளுவை வேலியைப் பார்த்தாள்.

“சமாதான காலத்திலை வந்து, அந்த வேலியை அடையாளம் வைச்சு, அதுக்கு அங்காலை ஒரு கிழமை கிண்டிப் பாத்தனான்,” என்றாள் மெதுவாக. “கிடைக்கேல்லை. ஆரோ எடுத்திட்டினம் எண்டு சொல்லிச் சொல்லித்தான் அப்பா கண்ணை மூடினவர்.”

அவள் குரலில் கோபம் இருக்கவில்லை, அதிசயம்தான் இருந்தது.

“இது எங்கடை எல்லைப் பனை எல்லே, அண்ணை? பனைக்கு எங்கடை பக்கமாய்த்தான் அப்பா குழி வெட்டினவர். அப்ப மணி வைச்ச இடத்திலைதான் இருந்திருக்கு. வேலிதான் இடம்பெயர்ந்திருக்கு.”